கால் மறக்காத வீடு

ரயில் நிலையத்துக்கே ஒரு மருத்துவமனையின் பெயரை வைத்திருக்கும் ஊர் தாம்பரம். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் இங்கே காசநோயாளிகளுக்கு ஒன்றைத் தொடங்கியபோது, அந்த நோய்க்கு மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதனால் காற்று, வெயில், திறந்த ஜன்னல், ஓய்வு என்று இடத்தையே வைத்தியமாக்கினார்கள். டிமென்ஷியா விஷயத்தில் நாம் இன்றும் ஏறக்குறைய அந்த 1928இல்தான் நிற்கிறோம். கொஞ்ச காலம் தள்ளிப்போடும் மருந்துகள் உண்டு. போன ஞாபகத்தை மீட்டுத் தரும் மருந்து இல்லை. மிச்சம் இருப்பது பார்த்துக்கொள்ளும் ஆளும், குடியிருக்கும் வீடும். அந்த வீட்டைத்தான் இந்த ஊரைச் சுற்றி, சேலையூரிலும் சிட்லபாக்கத்திலும் குரோம்பேட்டையிலும் தெருவுக்கு நாலாக இடித்துக்கொண்டிருக்கிறோம்.

இடிப்பதற்கான கணக்கு ஊருக்கே தெரியும். 2019இல் வந்த கட்டட விதிகள் மனையின் பரப்பைப்போல ஒன்றரை மடங்கு கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின. ஒரு கிரவுண்டில் நிற்கும் பழைய வீட்டை பில்டரிடம் ஜே.வி.க்கு, அதாவது கூட்டு ஒப்பந்தத்துக்கு, கொடுத்தால் கைக்காசு போடாமல் லிஃப்ட் வைத்த புது ஃப்ளாட் கிடைக்கும். கையெழுத்துப் போடுகிறவர்களில் பலர் எழுபதைத் தாண்டியவர்கள், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருப்பவர்கள். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கும் என்று 2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. வயது ஏற ஏற அந்த வீதமும் ஏறும். ஒப்பந்தத்தில் சதுர அடி, கார் பார்க்கிங், டைல்ஸ் பிராண்ட் எல்லாம் வரிவரியாக இருக்கும். கையெழுத்துப் போடுகிறவரின் மூளை ஒரு புது வீட்டைக் கற்றுக்கொள்ளுமா என்பது மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்காது.

கற்றுக்கொள்வது கஷ்டம் என்பதற்கு உடற்கூறு சார்ந்த காரணமே இருக்கிறது. நாம் எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் போக வேண்டும் என்று வரைபடம் போடும் செல்கள் மூளையில் ஹிப்போகேம்பஸிலும் அதை ஒட்டிய எண்டோரைனல் புறணியிலும் இருக்கின்றன. அவற்றைக் கண்டுபிடித்ததற்காகத்தான் ஜான் ஓ'கீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014இல் நோபல் கொடுத்தார்கள். டிமென்ஷியா வகைகளில் ஒன்றான அல்சைமர் முதலில் கைவைக்கும் இடங்களும் இவையே. ஆனால், முப்பது வருஷம் நடந்து நடந்து கைகாலில் ஊறிய பழக்கம் மூளையின் வேறு பகுதியைச் சார்ந்தது. அது சீக்கிரம் போகாது. பேரன் பெயர் மறந்த பாட்டி இருட்டில் எழுந்து, சுவிட்ச் தேடாமல், ஸ்டோர் ரூமைத் தாண்டி இடப்பக்கம் திரும்பி பாத்ரூம் போய்விட்டு வருவது அப்படித்தான். அங்கே வழி சொல்வது ஞாபகம் அல்ல, கால். வீட்டை இடிக்கும்போது அந்த வழியும் போய்விடுகிறது.

புது ஃப்ளாட்டின் பாத்ரூமைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, நடுவில் வெள்ளை கம்மோடு. வயதான கண்ணின் லென்ஸ் மஞ்சள் படிந்து மங்கியிருக்கும். அந்தக் கண்ணுக்கு வெள்ளைமேல் வெள்ளை தெரிவதே பாடு. எங்கே உட்காருவது என்று புரியாமல் வாசலிலேயே நின்று, கடைசியில் மூலையில் போய்விட்டு வருவார்கள். குழாயோ திருகுவதில்லை, தூக்கி, இடமோ வலமோ தள்ளும் ஒற்றைக் கைப்பிடி. ஹாலில் பளபளக்கும் விட்ரிஃபைடு டைல்ஸ் வெளிச்சம் பட்டால் தண்ணீர் கொட்டிக் கிடப்பதுபோல் இருக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நடப்பார்கள். வாசற்படியில் பதித்த கறுப்பு கிரானைட் பள்ளமாகத் தெரியும். தாண்ட முயன்று விழுவார்கள். அலமாரிக் கதவு முழுக்கக் கண்ணாடி என்றால் அறையில் யாரோ இருக்கிறார்கள் என்று சாயங்காலமானால் சத்தம். வெளியே வந்தால் நான்கு ஃப்ளாட்டுக்கும் ஒரே நிறக் கதவு. இவ்வளவையும் பார்த்துவிட்டு வீட்டார் சொல்வது, “குடிவந்ததிலிருந்து அப்பாவுக்கு நோய் ரொம்ப முத்திடுச்சு” என்று. முற்றியதில் நோயின் பங்கு எவ்வளவு, டைல்ஸின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. லிஃப்ட்டும் சாய்தளமும் வைத்தால் முதியோருக்கு ஏற்ற வீடு ஆகிவிட்டது என்ற எண்ணம்தான் பொதுவாக இருக்கிறது. அவை முழங்காலுக்குச் செய்த ஏற்பாடு.

பழைய வீடு மட்டும் பத்திரமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். கொல்லைப்புறப் பாசி, உயரமான படி, வெளியே இருக்கும் கழிப்பறை எல்லாம் ஆபத்துதான். ஆனால், கைப்பிடிக் கம்பியும் சொரசொரப்பான தரையும் நிறம் மாறிய ஒரு கம்மோடு சீட்டும் வைப்பதற்கு வீட்டை இடிக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் புகுந்த முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற இடங்களில் கீழ்த்தள வீட்டைக் கட்டிக்கொண்டு அழச் சொல்ல மாட்டேன். அங்கே மேலே ஏறுவதுதான் புத்தி. பராமரிப்பவரே படுத்துவிட்டால் இல்லங்கள் தேவை என்பதும் உண்மை. அப்படிப்பட்ட இல்லங்களில் உலகமே போய்ப் பார்க்கும் நெதர்லாந்தின் ஹோகவே, 2009இல் திறக்கப்பட்டது, என்ன செய்தது? மருத்துவமனை மாதிரி நீளக் கூடத்தைக் கட்டவில்லை. ஆறேழு பேர் சேர்ந்து வாழும் வீடுகளைக் கட்டி, அவரவர் பழகிய வாழ்க்கை முறைக்கேற்ப உள்ளே அமைத்து, தெருவும் கடையும் வைத்தது. பெரும் செலவில் அவர்கள் போலி செய்து தரும் பழகிய வீடு நம்மிடம் அசலாகவே இருக்கிறது.

எனக்குப் பெரிய கவலை, ஜே.வி.யில் நடக்கும் இரட்டைக் குடிபெயர்வு. கட்டி முடிக்க ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகும். அதுவரை வாடகை வீடு. அந்த வீடு பிடிபடுவதற்குள் மறுபடி மூட்டை கட்ட வேண்டும். ஞாபகமறதி ஆரம்பித்துவிட்ட ஒருவரை இரண்டு வருஷத்துக்குள் இரண்டு முறை தொலைக்கிறோம். வாடகையை பில்டர் கொடுக்கிறார் என்பதால் இதற்கு விலையே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஏற்கெனவே அறிகுறி தெரிந்த வீட்டில் இடிப்பைத் தள்ளிப்போடுவதே நல்லது என்பேன். பிள்ளைகளின் கணக்குக்கு இது பிடிக்காது.

தள்ளிப்போட முடியாதென்றால் பேரம் பேசும்போதே கேட்க வேண்டியவை உண்டு. கட்டிலில் படுத்தபடி பார்த்தால் பாத்ரூம் கதவு தெரிய வேண்டும். பழைய வீட்டில் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமே இருந்தால் நல்லது. திருகும் குழாய், மேட் டைல்ஸ், வாசற்படிக்கும் தரைக்கும் ஒரே நிறம். பிறகு பழைய வீட்டின் நிலைக்கதவு. இடிப்பு கான்ட்ராக்டர் முதலில் பெயர்த்து லாரியில் ஏற்றுவது அதைத்தான். பழைய மரக்கடையில் அதற்கு நல்ல விலை. அது லாரி ஏறாமல் மூன்றாவது மாடியில், அதே பித்தளைக் கைப்பிடியோடு, அதே பக்கம் திறக்கும்படி பொருத்தப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கலாம். ஆசாரிக்கு அது இரண்டு நாள் வேலை.