எழுத்தாளர் செத்துட்டாரு, அரியர் மட்டும் உயிரோட இருக்கு!

"பி.ஏ. இங்கிலீஷ் லிட்டரேச்சரா? ஜாலியா கதை படிச்சே டிகிரி வாங்கிடலாமே!" - உங்க வீட்டுல இப்படிச் சொல்ற ஆள் ஒருத்தராவது இருப்பாங்க. எங்க வீட்டுல அந்த ஆள் நான்தான். இன்ஜினீயரிங் படிக்கிற திமிர்னு வெச்சுக்கோங்களேன்!

போன செமஸ்டர் 'லிட்டரரி தியரி' பேப்பர்ல என் தங்கச்சி அரியர். ப்ளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம். லீவுக்கு வந்தவ, "அண்ணா, காலேஜை விட்டு நின்னுடறேன்"னு அழுதுட்டா. அப்பா எதுவுமே பேசலை. அதுதான் ரொம்ப பயமா இருந்தது.

அப்படி என்னதான் இருக்குன்னு அவ கைடைப் புரட்டினேன். ஸ்ட்ரக்சுரலிசம், டீகன்ஸ்ட்ரக்‌ஷன், போஸ்ட்காலனியலிசம்... எல்லாத்துக்கும் ஆளுக்கு ஒன்றரைப் பக்கம். பேருக்குக்கூட ஒரு உதாரணம் இல்லை! நம்ம கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் எவ்வளவோ தேவலை பாஸ்.

சரின்னு ரெண்டு பேரும் முதல்ல இருந்து ஆரம்பிச்சோம். சசூர்னு ஒருத்தர். ஜெனீவாவில மொழியியல் பாடம் நடத்தினவர். 1913-ல அவர் இறந்த பிறகு, மாணவர்கள் எழுதி வெச்சிருந்த கிளாஸ் நோட்ஸைத் திரட்டி 1916-ல புத்தகமாப் போட்டாங்க. தொகுத்த ரெண்டு பேரும் அந்த கிளாஸுக்கே போகாதவங்க! அடுத்தவன் நோட்ஸை ஜெராக்ஸ் எடுத்தே பாஸாகிற நமக்கு இவங்க சொந்தக்காரங்கதானே?

ஒரு சொல்லோட சத்தத்துக்கும் அர்த்தத்துக்கும் இயற்கையா எந்த உறவும் இல்லை. மத்த சொற்கள்ல இருந்து அது வேறுபடுறதுலதான் அர்த்தமே இருக்குன்னார் சசூர். தங்கச்சி சட்டுனு நிமிர்ந்தா. "வலி, வழி, வளின்னு எங்க தமிழம்மா தலையில குட்டிக் குட்டி சொல்லிக் குடுத்தாங்களே... அதுவா இது?" அதேதான்! தமிழவன் 1982-லயே ஸ்ட்ரக்சுரலிசத்தைப் பத்தி தமிழ்ல ஒரு புத்தகமே எழுதியிருக்கார். அவ காலேஜ்ல ஒருத்தரும் அதைச் சொல்லலை.

அடுத்து ரோலன் பார்த். 1967-ல 'ஆசிரியரின் மரணம்'னு ஒரு கட்டுரை எழுதினார். அர்த்தம் எழுதினவர் கையில இல்லை, படிக்கிறவங்ககிட்டதான் வந்து கூடுதுங்கிறார். "அப்போ பரீட்சையில நான் புரிஞ்சுக்கிட்டதை எழுதினா மார்க் போடுவாங்களா?"ன்னு கேட்டா பாருங்க! வாசகனுக்கு விடுதலை குடுக்கிற கட்டுரைக்கே அஞ்சு பாயின்ட்டை மனப்பாடம் பண்ணச் சொல்றோம். கொடுமைடா சாமி!

நீங்களும் இந்தப் பேப்பர்ல மாட்டியிருந்தா, முதல்ல தெரிஞ்ச ஒரு கதையை எடுங்க. கைடு அப்புறம். இங்கிலீஷ் தடுமாறினாலும் பீட்டர் பேரியோட 'பிகினிங் தியரி'யைத் தொட்டுப் பாருங்க. 1995-ல வந்த புத்தகம். அங்கங்கே நிறுத்தி யோசிக்கச் சொல்லும், உதாரணத்தோட செஞ்சும் காட்டும்.

அரியர் பரீட்சையில பார்த் கேள்வி வந்துச்சாம். தங்கச்சி எழுதினது நல்லதங்காள் கதை. முதல்ல சொன்னது யாருன்னு தெரியாது. பாட்டிக்கு அது அண்ணியோட கொடுமை. அம்மாவுக்கு அது பஞ்சம். "எனக்கு, படிக்க வைக்காத ஒரு பொண்ணோட கதைன்னு எழுதினேன்ணா"ன்னா போன்ல.

ரிசல்ட் இன்னும் வரலை.