பழைய ஜீப், அம்பாசிடர் சாவி தொலைஞ்சு போச்சா? பூட்டை உடைக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

போடிநாயக்கனூரில் இருந்து போடிமெட்டு ஏறும் சாலையில் காலையில் நின்றால், ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்களைப் பார்க்கலாம். சிலவற்றுக்கு ஓட்டுநரைவிட வயது அதிகம். இன்ஜின் பழுதானால் மெக்கானிக் இருக்கிறார். ஆனால் சாவி உடைஞ்சு போச்சுன்னா என்ன செய்றது?

ஷோரூமில் கிடைக்குமா?

அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. பிரீமியர் பத்மினி அதற்கும் முன்பே நின்றது. அதனால் கம்பெனி சாவியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஒரு நல்ல விஷயம் இருக்கு. புது கார் சாவிக்குள் சிப் இருக்கும், அதை கம்ப்யூட்டரில் பதிவு செய்ய வேண்டும். பழைய வண்டிச் சாவி வெறும் உலோகம்தான். சாவி போடும் கடையிலேயே வேலை முடிந்துவிடும்.

டூப்ளிகேட் எடுக்கும்போது நடக்கும் தப்பு

பூட்டுக்குள் ஸ்பிரிங் வைத்த மெல்லிய தகடுகள் இருக்கும். சாவியின் வெட்டுகள் அவற்றைச் சரியான உயரத்துக்குக் கொண்டு வந்தால்தான் பூட்டு திரும்பும். பல வருஷம் ஓடிய சாவியில் வெட்டுகள் தேய்ந்திருக்கும். அதை வைத்து நகல் எடுத்தால், தேய்மானமும் சேர்ந்தே நகலாகும்.

அதனால் வீட்டில் பயன்படுத்தாத இரண்டாவது சாவி இருந்தால் அதையே மாதிரியாகக் கொடுங்கள். சாவியிலோ பூட்டு சிலிண்டரிலோ எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த எண்ணுக்குரிய அளவு தெரிந்த கடைக்காரர், தேயாத புதுச் சாவியாகவே வெட்டித் தருவார். அந்த எண்ணை எழுதி வையுங்கள். சாவி போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் போட்டுடாதீங்க, அதைப் பார்த்தே இன்னொரு சாவி வெட்ட முடியும்.

கையில் ஒரு சாவிகூட இல்லையா?

கதவு பூட்டைக் கழற்றி கடைக்குக் கொண்டு போகலாம். அனுபவமுள்ளவர், வெட்டாத சாவியை உள்ளே விட்டுத் திருகி, விழும் தடத்தைப் பார்த்து அரத்தால் ராவியே சாவி செய்துவிடுவார். ஆர்.சி.யைக் கையோடு எடுத்துப் போங்க. வண்டி உங்களுடையதுதானா என்று கேட்பது நியாயமான கேள்வி. கதவுக்கும் இக்னிஷனுக்கும் வேறு வேறு சாவியாக இருக்கலாம், அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சாவியே இல்லாத ஜீப்!

இரண்டாம் உலகப் போரில் ஓடிய பெரும்பாலான ஜீப்களில் இக்னிஷன் சாவியே கிடையாது, ஒரு திருகு சுவிட்ச் மட்டும்தான். அந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசுகள்தான் மஹிந்திரா ஜீப்கள். கேன்வாஸ் கூரை, திறந்த பக்கங்கள் உள்ள வண்டிக்கு சாவி மட்டும் போதாது. பேட்டரி லைனில் மறைவாக ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைக்கலாம். ஸ்டியரிங்குக்கும் பெடலுக்கும் சங்கிலி போட்டு ஒரு திண்டுக்கல் பூட்டு மாட்டலாம்.

எண்ணெய் விடலாமா?

தேங்காய் எண்ணெய், இன்ஜின் ஆயில் வேண்டாம். தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். கிராஃபைட் பவுடர் நல்லது. அவசரத்துக்கு பென்சிலை சாவி மேல் தேய்த்து நாலு தடவை உள்ளே விட்டு எடுத்தாலே வித்தியாசம் தெரியும். மலையில் மழையும் பனிமூட்டமும் பூட்டைத் துருப்பிடிக்க வைக்கும். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் சுத்தம் செய்யுங்கள். பயன்படுத்தாத கதவின் பூட்டையும் மாதம் ஒரு முறையாவது திருகிப் பாருங்கள்.

மலைச்சாலையில் இது உயிர் விஷயம்

தேய்ந்த இக்னிஷனில் கனமான சாவிக்கொத்து தொங்கினால், குலுங்கும் பாதையில் சுவிட்ச் தானாகத் திரும்பி இன்ஜின் நின்றுவிடலாம். டீசல் மிச்சம் என்று இறக்கத்தில் சாவியை ஆஃப் செய்வதும் இதே ஆபத்துதான். இன்ஜின் நின்றால் பூஸ்டர் பிரேக் சில மிதியிலேயே கல்லாகிவிடும். ஸ்டியரிங் லாக் உள்ள வண்டியில் சாவியை உருவினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால், பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் உயிருக்கும் ஆபத்து.

இன்றைக்கே ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்ஜின் ஓடும்போது, வண்டியை நிறுத்திய இடத்தில், சாவியை லேசாக இழுங்கள். கழன்று கையோடு வந்தால் பூட்டு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்த முறை மலை ஏறுவதற்கு முன் மாற்றிடுங்க.