பற்றரி வயரைக் கழற்றினால் கார் எதை மறக்கிறது?

வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் கற்பிட்டி முதல் சிலாபம் வரை ஒரே கேள்விதான் கடிதங்களில் வருகிறது: புகைப் பரிசோதனைக்கு முதல்நாள் கராஜில் ஸ்கேனரைச் செருகிக் காரின் கணினி நினைவிலிருந்த எல்லாவற்றையும் அழித்துத் தந்தார்கள்; இப்போது சந்தியில் நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடுகிறது. கெடுத்துவிட்டார்களா?

கெடுக்கவில்லை. கார் கற்றிருந்ததை அழித்துவிட்டார்கள்.

எடைக் கணக்கில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது கணினியின் இலக்கு. புகைக்குழாயிலுள்ள ஒட்சிசன் சென்சர் சொல்லச் சொல்ல அது பெற்றோலைக் கூட்டிக் குறைக்கிறது. ஒரே திருத்தம் திரும்பத் திரும்பத் தேவைப்பட்டால் அதை நீண்டகாலக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. காற்றுக் குழாயில் வெடிப்பு விழுந்து 12 சதவீதம் கூடுதல் பெற்றோல் வேண்டுமென்றால், அடுத்த நாள் அந்த 12 இலிருந்தே தொடங்கும். பல கார்களில் இந்தக் கணக்கு எஞ்சின் வேகத்துக்கும் சுமைக்கும் தனித்தனியாக இருக்கிறது. அழித்த பின் புத்தளம்–சிலாபம் சமதரையில் மட்டும் ஓடிய காருக்கு, குருநாகல் தாண்டிய கலகெதர ஏற்றத்துக்கான கணக்கு இன்னும் எழுதப்பட்டிராது.

எஞ்சின் அணைவதும் இதனால்தான். திரொட்டில் வாயில் கரி படியப் படிய, கணினி அதைச் சற்றுக் கூடுதலாகத் திறந்து சமாளித்து வந்தது. அழித்ததும் பழைய அளவுக்கே திரும்புகிறது. கரி அங்கேயே இருப்பதால் காற்று போதவில்லை.

எனக்குக் கவலை தருவது வேறொன்று. இந்தப் பெற்றோல் திருத்தம் பழுதை மறைக்கிறது. அதேவேளை அதற்குச் சாட்சியாகவும் இருக்கிறது. பல கார்களில் திருத்தம் 20, 25 சதவீதத்தைத் தொடும்வரை எச்சரிக்கை விளக்கு எரிவதில்லை. நல்ல மெக்கானிக் முதலில் வாசிக்க வேண்டிய எண்ணே அதுதான். எங்கள் கரையில் உப்புக்காற்று வயர் முனைகளை அரிக்கும். சென்சர் பிளக்கைக் கழற்றினால் செப்பு ஊசிகளில் பச்சைக் களிம்பு தெரியும். அதைத் துடைக்காமல் கணினியிலுள்ள பழுதுக் குறியீட்டை அழித்தால் விளக்கு அணையும். பழுது அப்படியே இருக்கும்.

புகைப் பரிசோதனைச் சான்றிதழ் கிடைத்தால் வாகனம் சுத்தம் என்பதை நான் ஏற்பதில்லை. 2008 இல் தொடங்கிய இந்தப் பரிசோதனையில், நிறுத்திவைத்த பெற்றோல் காரின் புகைக்குழாயில் காபன் மொனொக்சைட்டையும் ஐதரோகாபனையும் அளக்கிறார்கள். நேற்று நினைவை அழித்தார்களா என்று யாரும் கணினியைக் கேட்பதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1996 முதல் வந்த கார்களின் கணினியையே வாசிக்கிறார்கள்; அதன் சுயசோதனைகள் முடிந்திராவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கு சான்றிதழ் சொல்வது அந்தச் சில நிமிடப் புகையை மட்டும்.

மற்றக் கேள்விகள்:

அழித்த பின் எவ்வளவு ஓட வேண்டும்? தூரத்தைவிட வகை முக்கியம்: இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் ஸ்டார்ட், நெரிசல், சீரான வேகம், அக்சிலரேட்டரை விட்டு உருளல், இப்படிச் சில நாள்.

பற்றரியைக் கழற்றினால் போதுமா? பழைய கார்களில் பெரும்பாலும் அழியும். புதியவை பலவற்றில் அழியாது.

அழித்தால் பெற்றோல் மிச்சமாகுமா? ஆகாது.

ஒக்டேன் 95 க்கு மாறினால் அழிக்க வேண்டுமா? வேண்டாம்.

திரொட்டிலைச் சுத்தம் செய்தால்? அப்போது அழிக்கலாம், பல கார்களில் அழிக்கத்தான் வேண்டும்.

டீசல் வான்? கணினி இயக்கும் இன்ஜெக்டரை மாற்றினால், பல வான்களில் அதன் மேல் பொறித்த இலக்கத்தைக் கணினியில் பதிய வேண்டும். பதிந்தார்களா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.