கம்ப்யூட்டரில் தொடங்கும் கப்பல் சுற்றுலா

எங்கள் நண்பர் ஒருவர் மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐந்து பேராகச் சிங்கப்பூரில் இருந்து மூன்று இரவுக் கப்பல் சுற்றுலா போய் வந்தார். சாப்பாடு, நீச்சல் குளம், நாடகம் என்று எல்லாவற்றிலும் அவருக்குத் திருப்திதான். ஊர் திரும்பிய சில நாட்களில் மொபைல் பில் வந்தது. மகனின் போனில் யாரும் ஒரு கால் கூடப் பேசவில்லை. ஆனால் டேட்டா கட்டணம் மட்டும் ஒரு டிக்கெட் விலையில் பாதியைத் தொட்டிருந்தது. ஒரே ஒரு செட்டிங்கை மாற்றாததால் வந்த வினை இது.

கப்பல் சுற்றுலா இன்று பாதி கடலிலும் பாதி கம்ப்யூட்டரிலும் நடக்கிறது. அறை தேடுவது, பணம் கட்டுவது, செக்-இன், சாப்பாட்டு மேஜை பதிவு என எல்லாமே இணையம் வழியாகத்தான். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கூட இந்த வேலைகளை வீட்டில் இருந்தபடியே முடிக்கலாம். எதை எப்படிச் செய்வது என்று வரிசையாகப் பார்ப்போம்.

எவ்வளவு பெரிய கப்பல்?

முதலில் அளவைப் புரிந்து கொள்வோம். ராயல் கரீபியன் நிறுவனத்தின் ஐகான் ஆஃப் த சீஸ் என்ற கப்பல் 2024 ஜனவரியில் அமெரிக்காவின் மயாமி துறைமுகத்தில் இருந்து முதல் பயணம் கிளம்பியது. பின்லாந்தில் கட்டப்பட்ட இதன் நீளம் ஏறத்தாழ 365 மீட்டர். மொத்தம் 20 தளங்கள், 7 நீச்சல் குளங்கள். அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் 5,610 பயணிகள். எல்லாப் படுக்கைகளும் நிரம்பினால் சுமார் 7,600 பேர். இவர்களுக்கு மேல் ஊழியர்கள் மட்டும் 2,350 பேர். டைட்டானிக் கப்பலின் நீளம் 269 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இத்தகைய கப்பல்களின் விவரத்தில் "கிராஸ் டன்" என்ற சொல்லைப் பார்ப்பீர்கள். ஐகானுக்கு இது 2,48,663. பலரும் இதைக் கப்பலின் எடை என்று நினைக்கிறார்கள். உண்மையில் இது கப்பலின் உள்ளே இருக்கும் இடத்தின் அளவைக் காட்டும் எண். இந்த எண்ணைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு பயணிக்கு எவ்வளவு இடம் கிடைக்கும் என்று தோராயமாகத் தெரியும். இரண்டு கப்பல்களில் எதில் நெரிசல் குறைவு என்று ஒப்பிட இது எளிய வழி.

நம் ஊருக்கு அருகிலும் வாய்ப்புகள் உண்டு. சிங்கப்பூரின் மரீனா பே கப்பல் நிலையம் 2012-ல் திறக்கப்பட்டது. பெரிய கப்பல்கள் அங்கே வந்து நிற்கின்றன. சென்னைத் துறைமுகத்தில் இருந்தும் 2022-ல் கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் பயணம் தொடங்கியது. அது 1990-ல் சேவைக்கு வந்த, அளவில் சிறிய கப்பல்.

டெக் பிளானைத் திறந்து பாருங்கள்

எல்லாக் கப்பல் நிறுவனங்களின் தளங்களிலும் "டெக் பிளான்" என்று ஒரு பகுதி இருக்கும். ஒவ்வொரு தளத்தின் வரைபடமும் அதில் கிடைக்கும். நீங்கள் எடுக்க நினைக்கும் அறை எண்ணைத் தேடுங்கள். பிறகு அதற்கு மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் திறந்து, அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளம் இருந்தால் அதிகாலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்கும். கீழே நடன அரங்கு இருந்தால் நள்ளிரவு வரை பாட்டுச் சத்தம் கேட்கும். மேலும் கீழும் அறைகளாகவே இருந்தால் நிம்மதி.

வயதானவர்கள் உடன் வந்தால் லிப்ட் பக்கத்தில் அறை எடுங்கள். 365 மீட்டர் கப்பலில் அறையில் இருந்து சாப்பாட்டுக் கூடம் வரை நடப்பதே ஒரு வேலை. தலைசுற்றல், வாந்தி வருபவர்களுக்குக் கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த் தளத்து அறை நல்லது. ஊஞ்சலில் ஓரத்தை விட அச்சின் அருகே ஆட்டம் குறைவு அல்லவா? அதே கதைதான். பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்க, தண்ணீருக்குள் இரு பக்கமும் மீன் துடுப்பு போன்ற தகடுகள் நீளும். கம்ப்யூட்டர் அவற்றின் கோணத்தை மாற்றிக் கொண்டே இருக்கும். ஆனாலும் கடும் அலையில் ஆட்டம் அறவே நிற்காது.

பணம் கட்டும் முன்

முதல் பக்கத்தில் தெரியும் விலையை நம்பிவிடாதீர்கள். அது பெரும்பாலும் இருவர் தங்கும் அறையில் ஒருவருக்கான விலை. வரி, துறைமுகக் கட்டணம் ஆகியவை கடைசிப் பக்கத்தில் சேரலாம். கப்பலில் தினமும் ஊழியர் டிப்ஸ் தானாகக் கணக்கில் ஏறும். அமெரிக்கக் கப்பல்களில் இது ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் வரை வரும். ஐந்து பேர், ஏழு இரவு என்று பெருக்கிப் பாருங்கள். குறைந்தது 525 டாலர்! எக்ஸெல் ஷீட் ஒன்றைத் திறந்து டிக்கெட், வரி, டிப்ஸ், இன்டர்நெட், விசா, விமானம், இன்சூரன்ஸ் எனத் தனித்தனி வரிசையில் எழுதுங்கள். மொத்தம் என்ன என்று தெரிந்த பிறகு முடிவு செய்யுங்கள்.

போலித் தளங்கள் விஷயத்தில் கவனம் தேவை. விளம்பர மெயிலில் வரும் லிங்கைக் கிளிக் செய்யாமல், நிறுவனத்தின் முகவரியை நீங்களே டைப் செய்யுங்கள். பிரவுசரில் பூட்டுப் படம் தெரிகிறது என்பதால் மட்டும் தளம் நம்பகமானது ஆகிவிடாது. நீங்கள் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். தளத்தை நடத்துபவர் யோக்கியர் என்பதற்கு அல்ல.

விசா விஷயத்தில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கப்பல் ஒரு நாட்டில் கிளம்பி, வேறு நாட்டைத் தொட்டு, மறுபடி அதே நாட்டுக்கு வரும். அது இரண்டாவது நுழைவு. எனவே ஒரே முறை நுழையும் விசா போதாது. இடையில் நிற்கும் நாடுகளின் விதிகளையும் அந்தந்த அரசுத் தளத்தில் பாருங்கள். பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும்.

அந்தக் கூடுதல் பில் எப்படி வந்தது?

இப்போது நண்பரின் கதைக்கு வருவோம். கரையை விட்டு வெகுதூரம் போன பிறகு மொபைல் டவர் கிடையாது. ஆனால் பல கப்பல்களில் ஒரு சிறிய டவரே பொருத்தப்பட்டிருக்கும். அது செயற்கைக்கோள் வழியாக உலகத்துடன் இணைகிறது. நம் போன் அதைச் சாதாரண டவர் என்று நினைத்து ஒட்டிக் கொள்ளும். கட்டணமோ "கடல் ரோமிங்" கணக்கில் ஏறும். சிங்கப்பூருக்கு என்று வாங்கிய ரோமிங் பேக் இதற்குப் பொருந்தாது. இரவு முழுக்க மகனின் போன் வாட்ஸ்அப் படங்களையும் ஆப் அப்டேட்களையும் இறக்கிக் கொண்டே இருந்திருக்கிறது.

இதைத் தவிர்ப்பது எளிது. கப்பல் கிளம்பும் முன் எல்லோருடைய போனிலும் ஏர்பிளேன் மோடை ஆன் செய்யுங்கள். பிறகு வை-ஃபையை மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். பாதுகாப்புக்கு டேட்டா ரோமிங்கையும் ஆஃப் செய்து வையுங்கள். பிள்ளைகளின் போனை நீங்களே வாங்கிச் சரி பார்ப்பது நல்லது.

கடல் நடுவே இன்டர்நெட்

கப்பல் இன்டர்நெட் ஒரு காலத்தில் ஆமை வேகம். காரணம் தூரம். பழைய முறைச் செயற்கைக்கோள் பூமியில் இருந்து 35,786 கி.மீ. உயரத்தில் நிற்கிறது. நீங்கள் கேட்பது மேலே போய்க் கீழே இறங்க வேண்டும். பதிலும் அதே போல் மேலே போய்க் கீழே வர வேண்டும். ஆக நான்கு முறை, ஏறத்தாழ 1,43,000 கி.மீ. ஒளியின் வேகத்தில் போனாலும் அரை நொடி ஆகும். இப்போது வந்துள்ள ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கி.மீ. உயரத்தில்தான் சுற்றுகின்றன. எனவே தாமதம் வெகுவாகக் குறைந்தது. ராயல் கரீபியன் தன் கப்பல்கள் அனைத்திலும் இதைப் பொருத்துவதாக 2022 ஆகஸ்டில் அறிவித்தது.

வை-ஃபை பேக்கேஜ் பெரும்பாலும் ஒரு கருவிக்கு இவ்வளவு என்று விற்கப்படும். ஐந்து பேருக்கு ஐந்து வாங்க வேண்டியதில்லை. ஒன்றை வாங்கி, ஒரு போனில் லாக்-அவுட் செய்து அடுத்த போனில் லாக்-இன் செய்ய அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். கப்பல் நிறுவனத்தின் ஆப் பெரும்பாலும் பேக்கேஜ் வாங்காமலேயே கப்பலுக்குள் இயங்கும். அன்றைய நிகழ்ச்சி நிரல், வரைபடம், பில் எல்லாம் அதில் தெரியும். அந்த ஆப்பை வீட்டிலேயே டவுன்லோடு செய்து கொள்ளுங்கள். தானியங்கி அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் நிறுத்தி வையுங்கள்.

சார்ஜரும் ஜங்ஷன் பாக்ஸும்

லேப்டாப், மொபைல் சார்ஜரின் மேல் சிறிய எழுத்தில் "இன்புட் 100-240" என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 110 வோல்ட்டிலும் 220 வோல்ட்டிலும் பயமின்றி வேலை செய்யும். நம் ஊர் மூன்று முள் ப்ளக் கப்பல் சாக்கெட்டில் பொருந்தாது. எனவே அடாப்டர் தேவை. சர்ஜ் புரொடெக்டர் உள்ள ஜங்ஷன் பாக்ஸைப் பல கப்பல்கள் அனுமதிப்பதில்லை. கப்பலின் மின் அமைப்பு வேறு விதமானது. அதில் இவை சூடாகித் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. அயர்ன் பாக்ஸ், எலக்ட்ரிக் கெட்டில் ஆகியவற்றுக்கும் தடை. கடலில் தீயணைப்பு வண்டி வராது என்பதை மறக்க வேண்டாம்.

எது சரியான நேரம்?

இது முக்கியமான செய்தி. உங்கள் கப்பல் சிங்கப்பூரில் கிளம்பி தாய்லாந்தின் புக்கெட்டில் நிற்கிறது என்று வைத்துக் கொள்வோம். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரை விட ஒரு மணி பின்னால். கரையில் இறங்கியதும் போன் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருக்கலாம். "ஐந்து மணிக்குள் கப்பலில் இருக்க வேண்டும்" என்று சொல்லியிருந்தால், உங்கள் போனில் நான்கு மணி ஆகும்போது அங்கே ஐந்து ஆகியிருக்கும். இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதே என்று நீங்கள் கடைவீதியில் நின்றால், கப்பல் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும். அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

போன் செட்டிங்கில் "தானியங்கி நேரம்" என்பதை ஆஃப் செய்து, கப்பல் நேரத்தை நீங்களே வையுங்கள். கையில் ஒரு சாதாரண வாட்ச் இருந்தால் இன்னும் நல்லது.

பத்து நிமிட ஒத்திகை

2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிக்லியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா கப்பல் பாறையில் மோதிக் கவிழ்ந்தது. 32 பேர் இறந்தனர். அன்றுதான் ஏறிய பயணிகளுக்கு இன்னும் பாதுகாப்பு ஒத்திகை நடக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அன்றைய விதி. 2015 ஜனவரி முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று சர்வதேச விதி மாறியது.

இப்போது பல கப்பல்களில் வீடியோவை ஆப்பிலோ அறை டி.வி.யிலோ பார்த்துவிட்டு, உங்களுக்கான கூடும் இடத்துக்கு ஒருமுறை நேரில் போய் வர வேண்டும். பிள்ளைகளையும் பாட்டியையும் அழைத்துப் போங்கள். ஏழு சிறிய ஒலி, ஒரு நீண்ட ஒலி: இதுதான் ஆபத்துச் சங்கு. ஆளுக்கு ஒரு பக்கம் இருக்கும்போது அது ஒலித்தால் எங்கே சேர்வது என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எல்லாக் கப்பல்களிலும் நீச்சல் குளத்தருகே உயிர்காப்பாளர் இருப்பதில்லை. குழந்தை குளத்தில் இருக்கும்போது உங்கள் கண் போனில் இருக்கக் கூடாது.

வீட்டில் இருப்பவர்களுக்கு

ஊரில் இருக்கும் தாத்தாவுக்கு உங்கள் கப்பலின் பெயரை எழுதிக் கொடுங்கள். மரைன் டிராபிக் என்ற தளத்தில் அந்தப் பெயரைத் தேடினால், உலக வரைபடத்தில் கப்பல் ஒரு சிறிய அம்புக்குறியாகத் தெரியும். பயணிகள் கப்பல்கள் தம் இடத்தையும் வேகத்தையும் ரேடியோவில் தாமே அறிவிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்பது 2004 முடிவில் இருந்து முழுமையாக அமலில் உள்ள விதி. நடுக்கடலில் சில மணி நேரம் குறி நகராமல் நின்றால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். கரையில் உள்ள ஆன்டெனாவின் எல்லையைக் கப்பல் தாண்டிவிட்டது என்பதுதான் அதன் பொருள்.

கிளம்பும் முன் ஒரு முறை

1. பாஸ்போர்ட், விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் ஆகியவற்றை ஸ்கேன் செய்து போனில் வையுங்கள். பிரிண்ட் எடுத்தும் வையுங்கள்.
2. இன்சூரன்ஸ், கப்பல் மருத்துவமனைச் செலவுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். அங்கே சிகிச்சை இலவசம் அல்ல.
3. சைவம், ஜைன உணவு வேண்டுமென்றால் புக்கிங்கின் போதே பதிவு செய்யுங்கள்.
4. மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டி அறைக்கு வர மாலையாகலாம்.
5. ஏர்பிளேன் மோட்: எல்லாப் போன்களிலும்!

நம் நண்பர் அடுத்த பயணத்துக்குத் தயாராகிறார். இந்த முறை செட்டிங் பார்க்கும் பொறுப்பை மகனிடமே கொடுத்திருக்கிறாராம். நீங்களும் முன்கூட்டியே ஒரு மாலை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து இவற்றை முடித்துவிட்டால், கப்பலில் ஏறிய பிறகு கடலைப் பார்ப்பது ஒன்றுதான் உங்கள் வேலை.