எழுத்தின் கணக்கு

ஒரு நாளைக்கு இவ்வளவு எழுத வேண்டும் என்று இலக்கு வகுத்து, எழுதியதைக் கணக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் கணினிக்கு மிகவும் முற்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரலோப் அஞ்சல் துறையில் அலுவலராக இருந்தவர். விடியற்காலையில் எழுந்து, மேசைமேல் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, கால் மணி நேரத்திற்கு 250 சொற்கள் என்னும் அளவில் எழுதினார். நாட்குறிப்பு ஒன்றில் அன்றன்று முடித்த பக்கங்களைப் பதிந்தார். எழுதாத நாள் அந்த ஏட்டில் வெற்றிடமாகவே நின்றது. இவ்வாறு அவர் எழுதிய நாவல்கள் 47. அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்த தன்வரலாற்றில் இம்முறையை வெளிப்படையாகக் கூறியிருந்தது சிலருக்கு உவப்பளிக்கவில்லை; கற்பனையைக் கணக்குப்பிள்ளை வேலையாக்கிவிட்டார் என்று அவர்கள் கருதினர். அமெரிக்க எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வேயும் அட்டை ஒன்றில் அன்றாடச் சொற்கணக்கைக் குறித்துவந்தார். மறுநாள் மீன்பிடிக்கச் செல்ல விரும்பினால், முதல்நாளே கூடுதலாக எழுதிவைப்பார்.

கடிகாரமும் ஏடும் அட்டையும் செய்த வேலையை இன்று கணினியும் திறன்பேசியும் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் வேர்டு திரையின் அடியிலேயே சொற்களின் எண்ணிக்கையைக் காட்டுகிறது. கூகுள் டாக்ஸ் எண்ணிக்கையைத் தருவதோடு, ஒரு கோப்பு முந்தைய நாள்களில் எவ்வாறு இருந்தது என்பதையும் சேமித்து வைக்கிறது. 2007இல் வெளிவந்த ஸ்கிரிவினர் என்னும் மென்பொருளில் நூல் முழுமைக்கும் ஓர் இலக்கு, அன்றைய அமர்வுக்கு ஓர் இலக்கு என இரண்டையும் குறிக்கலாம். எழுத எழுத ஒரு பட்டை சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும். இவை எதுவும் இல்லாதவருக்கு ஒரு விரிதாள் போதும். நாள், தொடங்கியபோது இருந்த சொற்கள், முடித்தபோது இருந்த சொற்கள், வேறுபாடு என்னும் நான்கு நிரல்களே அதற்குத் தேவை.

இலக்கைப் பகுத்தல்

தம் ஊரின் ஏரியைப் பற்றி 12,000 சொற்களில் ஒரு நூல் எழுத விரும்பும் மாணவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்குள்ள காலம் 60 நாள்கள். 12,000ஐ 60ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 200 சொற்கள் என்று வரும். இந்த எண் எளிதாகத் தோன்றினாலும் பிழையானது. எழுதியதைத் திருத்த இறுதி 15 நாள்களை ஒதுக்கவேண்டும். எஞ்சிய 45 நாள்களில் வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு என்று கொண்டால், எழுதும் நாள்கள் 39 மட்டுமே. எனவே உண்மையான இலக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 308 சொற்கள். 200 என்று நம்பித் தொடங்கி, முதல் பத்து எழுதும் நாள்களில் 2,000 சொற்களை முடித்து மகிழ்ந்திருப்பவருக்கு, எஞ்சிய 29 நாள்களில் நாள்தோறும் 345 சொற்கள் காத்திருக்கும்.

எஞ்சிய சொற்களை எஞ்சிய நாள்களால் வகுக்கும் சிறு வாய்பாட்டை விரிதாளில் இட்டுவைத்தால், இந்த மாற்றம் அன்றாடம் கண்ணில் படும். கருவியின் பெரும்பயன் இதுவே எனலாம். வண்ணப் பட்டைகளும் பாராட்டு ஒலிகளும் இதற்கு அடுத்தவைதாம். ஆயினும் வாய்பாடு இரக்கமற்றது. காய்ச்சலில் படுத்த நான்கு நாள்களின் சுமையையும் அது எஞ்சிய நாள்களின்மேல் ஏற்றிவிடும். எண் எட்டாத உயரத்துக்குப் போனபின் அதைப் பார்த்துப் பார்த்து மனம் சோர்வதைவிட, நூலின் அளவை 10,000 சொற்களாகக் குறைத்துக்கொள்வது அறிவுடைய செயலாகும்.

எது சொல், எது எழுத்து?

தமிழில் எழுதுவோருக்கு இங்கே ஒரு தனிச்சிக்கல் உண்டு. இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருப்பதைக் கணினி ஒரு சொல் என்று எண்ணுகிறது. 'வந்துகொண்டிருந்தான்' எனச் சேர்த்து எழுதினால் கணக்கு ஒன்று; 'வந்து கொண்டு இருந்தான்' எனப் பிரித்து எழுதினால் மூன்று. கருத்து ஒன்றே, உழைப்பும் ஒன்றே. எண் மட்டும் மும்மடங்காகிறது. ஆங்கிலத்தில் நான்கு சொற்களால் கூறுவதைத் தமிழ் 'போகமாட்டேன்' என்னும் ஒரே சொல்லில் முடித்துவிடும். ஆகவே பிறமொழியாளர் வகுத்த நாளிலக்கை அப்படியே எடுத்துக்கொள்ளும் தமிழ் எழுத்தாளர், தம்மை அறியாமலேயே கூடுதல் சுமையை ஏற்கிறார்.

எழுத்துகளை எண்ணினால் சிக்கல் தீரும் என்று கருதலாம், தீராது. 'தமிழ்' என்பதில் இலக்கணப்படி எழுத்துகள் மூன்று. ஒருங்குறியில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகள். அவற்றைக் கணினி சேமிக்கும்போது, இணையத்தில் பெருவழக்காக உள்ள முறையில் குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட்டுகள் வீதம் 15 பைட்டுகள் ஆகின்றன. விக்கிப்பீடியாவின் திருத்த வரலாறு பைட்டுகளில்தான் அளவு காட்டும். தமிழ்க் கட்டுரையின் அளவைக் கண்டு வியப்பவர் இதை நினைவில் கொள்ளவேண்டும். எனவே ஒருவர் தம் வழக்கமான நடையில் ஒரு மணி நேரத்தில் எழுதுவது எவ்வளவு என்று சில நாள்கள் அளந்து பார்த்து, அதே கருவியின் அதே அளவைக் கொண்டு இலக்கு வகுப்பதே பொருத்தமானது.

பலர் அறிய எழுதுதல்

தனியே வைத்த இலக்கு எளிதில் நழுவும். பலர் அறிய அறிவித்த இலக்கு அவ்வாறு நழுவுவதில்லை. அமெரிக்காவில் 1999இல் 21 பேருடன் தொடங்கிய நாவல் எழுதும் இயக்கம், ஒரு மாதத்தில் 50,000 சொற்கள் என்று இலக்கு வைத்தது. நாளொன்றுக்கு 1,667 சொற்கள். எழுதியதைப் பதியப்பதிய வரைபடம் உயர்வதைப் பங்கேற்றோர் இணையத்தில் கண்டனர். 2025இல் அவ்வியக்கத்தை நடத்திய அமைப்பு மூடப்படுவதாக அறிவித்தபோதிலும், அது ஏற்படுத்திய பழக்கத்தைப் பலர் கைவிடவில்லை. விக்கிப்பீடியரிடையே நாளொரு கட்டுரையாக நூறு நாள்கள் எழுதும் அறைகூவல் ஒன்று உண்டு. ஒரு நாள் தவறினாலும் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அதன் விதி; மாணவர்க்குச் சற்றுக் கடுமையான விதிதான்.

தமிழில் இதற்குப் பெருஞ்சான்றாக நிற்பது ஜெயமோகனின் 'வெண்முரசு'. மகாபாரதத்தை மீட்டெழுதும் இந்நாவல் வரிசை 2014 ஜனவரி முதல் நாள் இணையத்தில் தொடங்கியது. நாள்தோறும் ஓர் அத்தியாயம் என வளர்ந்து, 26 நாவல்களாக 2020 ஜூலையில் நிறைவுற்றது. வாசகர் மறுநாள் அத்தியாயத்துக்குக் காத்திருந்ததே அங்கு நாட்காட்டியாகவும் நினைவூட்டலாகவும் அமைந்தது.

எழுதும் காலத்துக்கு உதவும் கணக்கு, திருத்தும் காலத்தில் தடையாக மாறும். நன்றாகத் திருத்திய நாளில் 300 சொற்கள் குறைந்திருக்கும். விரிதாளோ அதைக் குறை எண்ணாகக் காட்டும். அவ்வெண்ணுக்கு அஞ்சி, வேண்டாத பத்தியை நீக்காமல் விடுபவர் உண்டு. ஏரி நூலை எழுதும் மாணவர் 46ஆம் நாள் முதல் தம் விரிதாளில் நிரலின் தலைப்பை மாற்றிவிடலாம்: 'எழுதிய சொற்கள்' என்பதை அழித்து, 'திருத்திய பக்கங்கள்' என்று இடலாம்.