கருவை வென்ற நடை

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பணியாற்றியவன் நான். ஒவ்வொரு தேர்வும் முடிந்தபின், மதிப்பெண் வரிசைப்படி மாணவர்களைப் பெஞ்சுகளில் அமர்த்துவது என் வழக்கம். அவரவர் தகுதிக்கேற்ற இடத்தைக் கொடுத்தேன் என்றே அப்போது எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்த நூல் ஒன்றைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

மைக்கேல் யங் என்னும் ஆங்கிலேயச் சமூகவியல் அறிஞர் 1958-ஆம் ஆண்டில், ‘தகுதியாட்சியின் எழுச்சி’ என்று பொருள்படும் பெயரில் ஒரு கற்பனை நூலை வெளியிட்டார். 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் பின், இங்கிலாந்தில் பதினோரு வயதை ஒட்டிய பிள்ளைகளுக்கு ஒரு தேர்வு நடந்துவந்தது. தேறியவர்கள் ‘கிராமர்’ பள்ளிக்குப் போனார்கள். தேறாதவர்களில் பெரும்பாலோர் வேறுவகைப் பள்ளிக்குப் போனார்கள். அந்த இளம் வயதிலேயே வாழ்க்கை வழி பிரிந்துவிடும். இந்த முறை முற்றி முதிர்ந்தால் நாடு என்னவாகும்? இக்கேள்வியே நூலின் கரு.

2034-ஆம் ஆண்டில் வாழும் அறிஞர் ஒருவர் எழுதுவதாக நூல் அமைந்திருக்கிறது. அந்நாட்டில் பிறப்பினால் வரும் பெருமை ஒழிந்துவிட்டது. அறிவுத்திறனும் முயற்சியும் சேர்ந்ததே தகுதி. தகுதி உடையவரே ஆள்வர். கேட்க இனிமையாக இருக்கிறதன்றோ? நஞ்சும் அங்கேதான் இருக்கிறது. பழங்காலத்து ஏழை, ‘எனக்கு வாய்ப்புக் கிட்டவில்லை’ என்று தேறுதல் கொள்ளலாம். புதிய நாட்டின் ஏழைக்கு அத்தேறுதலும் இல்லை. அவன் தாழ்ந்தவன் என்று தேர்வுகளே சான்று கூறிவிட்டன. மேலிருப்பவனுக்கோ, தன் உயர்வு முழுவதும் தான் ஈட்டியதே என்னும் செருக்கு.

இத்துணை ஆழமான கருவுக்கு வாய்த்த நடை யாது? ஆராய்ச்சிக் கட்டுரையின் வறண்ட நடை! ஆண்டுகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்திருக்கின்றன. தேர்வில் தோற்று வீடு திரும்பும் சிறுவனின் முகத்தை நாம் காண்பதில்லை. அவன் தாயின் குரலைக் கேட்பதில்லை. கட்டுரையாளரோ தகுதியாட்சியைப் போற்றுபவர். அவரை ஆசிரியர் எள்ளுகிறார் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இறுதி அடிக்குறிப்பு ஒன்றே நெஞ்சைத் தைக்கிறது: கிளர்ச்சியில் அக்கட்டுரையாளரே கொல்லப்பட்டமையால், அச்சுப்படியை அவரிடம் காட்ட இயலவில்லை என்று பதிப்பாளர் வருந்துகின்றனர்.

விளைவு என்ன? ‘மெரிட்டாக்ரஸி’ என்ற சொல் உலகெங்கும் பரவிற்று. யங் கொடுத்த எச்சரிக்கை பரவவில்லை. இகழ்ச்சிக்கு அவர் எடுத்த சொல்லைத் தலைவர்கள் புகழ்ச்சிக்குக் கொண்டனர். 2001-ஆம் ஆண்டில், அன்றைய பிரதமர் டோனி பிளேர் அச்சொல்லைக் கைவிட வேண்டுமென்று யங் செய்தித்தாளில் எழுதினார். அடுத்த ஆண்டே மறைந்தார். நூலில் ஒரு மனித முகமேனும் இருந்திருந்தால், சொல் இவ்வாறு தலைகீழாகி இராது என்பது என் கருத்து.

நான் ஓய்வு பெற்றபின், என் வீட்டு மோட்டாரைப் பழுதுபார்க்க ஒருவர் வந்தார். பல ஆண்டுகள் என் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் இருந்தவர். அரைமணி நேரத்தில் தண்ணீர் வந்தது. புறப்படும்போது, “ஐயா, என் மகன் இப்போது இரண்டாம் பெஞ்சில் இருக்கிறான்” என்று பெருமையுடன் சொன்னார். நான் அன்று தந்த அளவுகோலை அவர் இன்றும் கீழே வைக்கவில்லை! என் தலை தாழ்ந்தது. யங் எழுதாமல் விட்ட அத்தியாயம் என் வாசலிலேயே நின்றது.