பாடசாலையும் திறன்பேசியும்: தடையின் பயனும் அதன் எல்லையும்

கல்வியின் முதல் நிபந்தனை கவனமாகும். நூல் எத்துணைச் சிறந்ததாயினும், ஆசிரியர் எத்துணை ஆற்றல் மிக்கவராயினும், கற்போனின் உள்ளம் வகுப்பறையில் இல்லையெனில் கற்றல் நிகழ்வதில்லை. மாணவரின் சட்டைப் பையிலுள்ள திறன்பேசி இந்த அடிப்படை நிபந்தனையையே தொட்டுவிட்டதால், பல நாடுகளின் கல்வி அமைச்சுகள் அதனை ஒரு கொள்கைப் பிரச்சினையாக நோக்கத் தொடங்கியுள்ளன. 2023ஆம் ஆண்டு யுனெஸ்கோ வெளியிட்ட உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கை, நான்கில் ஒன்றுக்கும் குறைவான நாடுகளே பாடசாலைகளில் திறன்பேசியைத் தடை செய்திருந்ததாகக் குறிப்பிட்டது. 2024ஆம் ஆண்டின் இறுதியில் இத்தொகை 79 கல்வி அமைப்புகளாக, அதாவது ஏறத்தாழ 40 சதவீதமாக உயர்ந்தது. இத்தடை எதைச் சாதிக்கின்றது, எதைச் சாதிப்பதில்லை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டங்கள் சென்ற பாதை

இவ்விடயத்தில் பிரான்சின் அனுபவம் நீண்டது. 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்று பாட வேளைகளில் மட்டும் கையடக்கத் தொலைபேசிப் பாவனையைத் தடுத்தது. 2018 ஆகஸ்ட் 3ஆம் திகதிய சட்டம், ஆரம்பப் பாடசாலைகளிலும் கீழ்நிலை இடைநிலைப் பாடசாலைகளிலும் இடைவேளை உட்பட முழு நாளுக்கும் அத்தடையை விரித்தது. ஆயினும் கருவி மாணவரின் பையிலேயே இருந்தமையால், சட்டத்தைப் பேணும் சுமை முழுவதும் ஆசிரியர் மீதே விழுந்தது. ஆகவே 2024ஆம் ஆண்டு, சுமார் 200 பாடசாலைகளில், மாணவர் காலையில் கருவியை ஒப்படைத்து மாலையில் பெற்றுச் செல்லும் முறை பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது.

நெதர்லாந்து வேறொரு வழியைத் தெரிவு செய்தது. அங்கு அரசும் கல்வி நிறுவனங்களும் தமக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்து, 2024 ஜனவரி முதல் இடைநிலைப் பாடசாலை வகுப்பறைகளிலிருந்து திறன்பேசியை அகற்றின. நடைமுறை விபரங்களை ஒவ்வொரு பாடசாலையும் ஆசிரியர், பெற்றோர், மாணவர் ஆகியோருடன் கலந்து தீர்மானித்தது. 2025ஆம் ஆண்டு வெளியான மதிப்பீட்டில், நான்கில் மூன்று இடைநிலைப் பாடசாலைகள் மாணவரின் கவனம் மேம்பட்டதாகக் கூறின. ஆனால், பரீட்சைப் பெறுபேறுகள் உயர்ந்தன எனக் கூறியவை 28 சதவீதமே. இவை பாடசாலைகள் தாமே அளித்த கருத்துகள் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

யார் அதிகம் இழக்கின்றனர்?

லூயி-பிலிப் பெலான்ட், ரிச்சர்ட் மேர்ஃபி என்னும் பொருளியலாளர் இருவர் 2016ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு, இங்கிலாந்தின் நான்கு நகரங்களைச் சேர்ந்த 91 பாடசாலைகளை எடுத்துக்கொண்டது. தடையின் பின் பரீட்சைப் பெறுபேறுகள் நியம விலகலில் 6 சதவீதத்திற்குச் சற்று அதிகமாக உயர்ந்தன. மிகவும் பின்தங்கிய மாணவரிடையே இவ்வுயர்வு 14 சதவீதம். முன்னணி மாணவரிடையே குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் காணப்படவில்லை.

இதன் காரணம் ஊகிக்கக்கூடியதே. ஆற்றல் மிக்க மாணவன் கவனம் சிதறினாலும் விட்ட இடத்தைத் தானே கண்டறிந்து மீள்கின்றான். அடித்தளம் பலவீனமான மாணவனோ, ஒருமுறை தொடர்பு அறுந்ததும் அப்பாடம் முழுவதையும் இழந்துவிடுகின்றான். எனவே வகுப்பறை ஒழுங்கு என்பது கல்விச் சமத்துவம் சார்ந்த ஒரு விடயமுமாகும். எனினும் இதே முறையில் சுவீடனில் மேற்கொள்ளப்பட்டு 2020ஆம் ஆண்டு வெளியான ஆய்வு அத்தகைய பயனைக் காணவில்லை. ஒரு நாட்டின் முடிவை மற்றொன்றிற்கு அப்படியே பொருத்துதல் தகாது என்பதை இது உணர்த்துகின்றது.

மாலை மணிக்குப் பின்

மாணவரின் உள நலம் பற்றிய வினா மேலும் சிக்கலானது. பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 30 பாடசாலைகளைச் சேர்ந்த 1,227 மாணவரை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். கட்டுப்பாடுள்ள பாடசாலைகளுக்கும் கட்டுப்பாடற்றவற்றுக்கும் இடையே உள நலத்தில் வேறுபாடு காணப்படவில்லை. அதேவேளை, நாளொன்றில் திறன்பேசியிலும் சமூக ஊடகங்களிலும் அதிக நேரம் செலவிடுவோரிடம் தாழ்ந்த உள நலமும் குறைந்த உறக்கமும் காணப்பட்டன.

இவ்விரு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. பாடசாலையின் தடை பகற்பொழுதின் ஒரு பகுதியை மாத்திரமே ஆள்கின்றது. நாளின் மொத்தப் பாவனை அதனால் பெரிதும் குறையவில்லை. நள்ளிரவு வரை திரையில் விழித்திருக்கும் பிள்ளையின் உறக்கத்தை எந்தப் பாடசாலை விதியாலும் மீட்டுத் தர இயலாது. அப்பொறுப்பு வீட்டைச் சார்ந்தது.

ஒரு நல்ல ஒழுங்கின் இயல்புகள்

இவ்வனுபவங்களிலிருந்து சில முடிவுகளைப் பெறலாம். முதலாவதாக, கருவி எங்கே, யாருடைய பொறுப்பில் வைக்கப்படும் என்பது தெளிவாதல் வேண்டும். அத்தெளிவின்மையே ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே அன்றாடப் பூசலை வளர்க்கின்றது. இரண்டாவதாக, விதிவிலக்குகள் எழுத்தில் இருத்தல் அவசியம். நீரிழிவுள்ள பிள்ளை தன் குருதிச் சீனி அளவைத் திறன்பேசியிற் காணலாம். பார்வைக் குறைபாடுள்ள பிள்ளை அதன் துணையுடன் வாசிக்கலாம். 2025 ஜனவரியில் பிரேசில் இயற்றிய சட்டம் உடல்நலம், மாற்றுத்திறன் ஆகியவை சார்ந்த தேவைகளை வெளிப்படையாக விலக்களித்துள்ளமை முன்மாதிரியாகும். மூன்றாவதாக, அவசர வேளையில் பெற்றோர் பாடசாலை அலுவலகத்தின் ஊடாகப் பிள்ளையைத் தொடர்பு கொள்ளும் வழி உறுதிப்படுத்தப்படல் வேண்டும். அவ்வுறுதியின்றிப் பெற்றோரின் ஒத்துழைப்பு கிட்டாது. நான்காவதாக, வெறுமையான இடைவேளைக்குப் பதிலாக விளையாட்டும் நூலகமும் உரையாடலும் மாணவருக்குக் கிடைத்தல் வேண்டும். இறுதியாக, விதியை வகுக்கும் பெரியோர் தாமும் அதனைப் பேணுதல் வேண்டும். உணவு மேசையில் திரையை நோக்கும் தந்தையின் அறிவுரை பிள்ளையின் செவியில் ஏறாது.

தடை என்பது கற்றலுக்கான அமைதியை உருவாக்கும் ஒரு வேலி. வேலிக்குள் எதைப் பயிரிடுவது என்பதை ஆசிரியரும், வேலிக்கு வெளியே பிள்ளை எவ்வாறு வாழ்வது என்பதைக் குடும்பமும் தீர்மானிக்கின்றன. தன் கவனத்தைத் தானே ஆளும் ஆற்றலை இளம் உள்ளத்தில் வளர்ப்பதே இம்முயற்சி அனைத்தினதும் முடிவான இலக்காக அமைதல் வேண்டும்.